வெள்ளிக்கிழமை விசில், சனிக்கிழமை விசில்

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் பள்ளி ஃபுட்பால் ஆட்டங்களுக்கு நான்கு சீசன்களாக லைன் ஜட்ஜாக, அதாவது பக்கக் கோட்டருகே நின்று ஆட்டம் தொடங்கும் கோட்டைக் கவனிக்கும் நடுவராக, நிற்பவர். இந்த ஆண்டு சனிக்கிழமைகளில் சிறு கல்லூரி ஆட்டங்களுக்கும் அழைத்திருக்கிறார்கள். "வெள்ளி இரவு ஒரு விதி, மறுநாள் மதியம் வேறொரு விதி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசங்களை வரிசையாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். வரிசை வேண்டுமென்றால் சங்கத்தில் கேட்டால் பக்கம் பக்கமாகக் கொடுப்பார்கள், படித்துவிட்டுப் பாதியை மறந்தும் விடலாம். அவர் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். பந்து ஓடிக்கொண்டிருக்கும் அந்த மூன்று நான்கு விநாடியில், நேற்றைய பழக்கம் இன்று கையையும் வாயையும் தவறாக இயக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? அதற்குத்தான் இந்தப் பதில். இங்கே ஃபுட்பால் என்றால் அமெரிக்க ஃபுட்பால்தான். நம்மூர்க் கால்பந்து இல்லை.

முதலில் எந்தப் புத்தகம் என்று பார்த்துவிடுவோம். பள்ளி ஆட்டங்களுக்கு என்.எஃப்.எச்.எஸ். என்ற கூட்டமைப்பின் விதிப்புத்தகம், கல்லூரிக்கு, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் புத்தகம். இரண்டு அமைப்புக்கும் தலைமையகம் இண்டியானாபொலிஸ்தான், ஆனால் புத்தகங்கள் தனித்தனிக் குழுக்கள் எழுதுபவை. மாநிலச் சங்கங்கள் பள்ளிப் புத்தகத்தில் சில இடங்களைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்: கூடுதல் நேர ஆட்டத்தின் முறை, ஒரு அணி பெரிய வித்தியாசத்தில் முன்னிலை பெற்றபின் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிடுவது போன்றவை. டெக்சாஸ் தனி ஊர். அங்கே பள்ளி ஆட்டங்களே என்.சி.ஏ.ஏ. விதிகளில் சில விலக்குகளோடு நடக்கின்றன. கால் பகுதிக்குப் 12 நிமிடம் என்பது அந்த விலக்குகளில் ஒன்று. மாசசூசெட்ஸும் நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது, 2019-ல் பள்ளிப் புத்தகத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் டெக்சாஸில் இருந்தால் கீழே சொல்வதில் பெரும்பகுதி உங்களுக்குத் தலைவலியே இல்லை.

வித்தியாசங்களைப் புத்தகத்தின் அத்தியாய வரிசையில் படிக்காதீர்கள். எது திருத்த முடியாதது என்ற வரிசையில் படியுங்கள். ஃபவுல் என்று காட்டும் கொடியைத் தவறாக எறிந்துவிட்டால் குழு கூடிப் பேசி, கொடியைப் பொறுக்கிக்கொண்டு, ஃபவுல் இல்லை என்று தலைமை நடுவரான ரெஃப்ரீ அறிவித்துவிடலாம். கொஞ்சம் வெட்கக்கேடு, அவ்வளவுதான். தவறாக விசில் ஊதினால் பந்து அங்கேயே டெட், அதாவது ஆட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஓடிக்கொண்டிருந்தவன் கையில் பந்து இருந்தால், அந்த இடத்தில் எடுத்துக்கொள்வதா, டவுனை (10 யார்டு முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று) திரும்ப ஆடுவதா என்று அவனது அணி தேர்ந்தெடுக்கும். பாஸோ கிக்கோ காற்றில் இருந்தபோது ஊதியிருந்தால் டவுனைத் திரும்ப ஆடவேண்டியதுதான். எண்பது யார்டு ஓடி, எதிரணியின் கோல் லைனைத் தாண்டி டச்டவுன் போட்டவனிடம் போய் "மன்னிக்கணும், திரும்ப ஆடுங்கள்" என்று சொல்லும் நிலை எந்த நடுவருக்கும் வரக்கூடாது. ஆகவே எப்போது பந்து டெட் என்பதில் இரண்டு புத்தகங்களும் பிரியும் இடங்கள் முதலில், கொடி இரண்டாவது, தண்டனைக் கணக்கு மூன்றாவது. கணக்குக்கு ரெஃப்ரீ இருக்கிறார், அம்பயர் இருக்கிறார், கேட்டுச் சொல்ல நேரமும் இருக்கிறது.

லைன் ஜட்ஜாக உங்களுக்கு முதல் ஆபத்து ஸ்னாப்புக்கு, அதாவது நடுவில் நிற்கும் ஸ்னாப்பர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கு, முந்தைய விநாடியில். பள்ளியில் ஸ்னாப்பர் பந்தில் கை வைத்துவிட்டால், அதற்குப் பின் தடுக்கும் அணியின் ஆள், இரு அணிகளின் லைனுக்கும் நடுவே உள்ள நடுநிலைப் பகுதியின் தளத்தை, அதாவது கோட்டுக்கு மேல் நிற்கும் கற்பனைச் சுவரை, தாண்டினாலே ஃபவுல். திரும்பி வந்தாலும் ஃபவுல், யாரையும் தொடாவிட்டாலும் ஃபவுல். உடனே விசில், கொடி, 5 யார்டு. ஆட்டமே தொடங்கவில்லை. கல்லூரியில் அதே ஆள் அதே அளவு குதித்தால் நீங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். ஸ்னாப்புக்குள் அவன் பின்வாங்கிவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. ஸ்னாப்பின்போது அந்தப் பக்கம் இருந்தால் கொடி மட்டும், விசில் இல்லை. ஆட்டம் ஓடும், தாக்கும் அணிக்கு அது இலவச டவுன். பந்தை வாங்கி வீசும் குவார்ட்டர்பேக் அதைப் பார்த்துத்தான் தூரமாக வீசுவான். மூன்று இடங்களில் மட்டும் கல்லூரியிலும் உடனே நிறுத்த வேண்டும்: குதித்தவன் எதிராளியைத் தொட்டால், லைனைத் தாண்டித் தடையில்லாமல் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்தால், அல்லது அவன் மிரட்டலால் எதிரே நின்ற லைன்மேன் உடனே அசைந்துவிட்டால். முதலாவதில் குழப்பமே இல்லை, இரண்டாவதில் கொஞ்சம்தான். மூன்றாவதில் நல்ல நடுவர்களே வேறுபடுவார்கள். அசைந்த லைன்மேன் உண்மையில் மிரட்டப்பட்ட இடத்தில் இருந்தானா, அல்லது நாலு ஆள் தள்ளி நின்று தானாகத் துள்ளினானா என்பது கண்ணின் தீர்ப்பு. அப்படிப்பட்ட சமயத்தில் எதிர்ப்பக்க லைன் நடுவரோடும் அம்பயரோடும் ஒரு வார்த்தை பேசிவிட்டு அறிவிப்பதில் தவறே இல்லை.

நான்கு ஆண்டுப் பள்ளிப் பழக்கம் உள்ளவருக்குக் கல்லூரியின் முதல் ஆட்டத்தில் விசில் தானாக வாய்க்குப் போகும் இடம் இதுதான். பள்ளியிலிருந்து ஏறி வருபவர்கள் அதிகம் ஊதிக் கெடுப்பது இங்கேதான் என்பது என் கணிப்பு. கழுத்துக் கயிற்று விசிலை விட்டு விரலில் மாட்டும் விசிலுக்கு மாறுங்கள். வாய்க்கும் விசிலுக்கும் நடுவே ஒரு கை தூரம் இருந்தால், யோசிக்க அரை விநாடி கிடைக்கும்.

அடுத்தது கிக்கும் கோல் லைனும். பள்ளியில், கோல் முயற்சியாக அல்லாத எந்த கிக்கும், கிக்ஆஃபோ (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) பண்ட்டோ (பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் உதை), வாங்கும் அணியின் கோல் லைன் தளத்தை உடைத்த அந்தக் கணமே டெட், டச்பேக், அதாவது வாங்கும் அணி தன் 20-யார்டு கோட்டிலிருந்து தொடங்கும். பிடிப்பவன் எங்கே நிற்கிறான் என்பதற்கு இங்கே மதிப்பில்லை, பந்து எங்கே இருக்கிறது என்பதற்குத்தான் மதிப்பு. அவன் ஒரு யார்டு கோட்டில் நின்றுகொண்டு தலைக்குப் பின்னால் கையை நீட்டிப் பிடித்து, பந்து தளத்தைத் தாண்டியிருந்தால் டச்பேக். கோல் லைனுக்குப் பின்னாலுள்ள எண்ட் ஸோனில் நின்றுகொண்டு முன்னால் கையை நீட்டித் தளத்துக்கு இப்புறமே பிடித்தால் பந்து லைவ், ஆட்டம் தொடரும். இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கக் கோட்டின் மேலேயே நின்றாக வேண்டும். ஐந்து யார்டு தள்ளி நின்றால் ஊகம்தான். இரண்டு யார்டு கோட்டில் கைநழுவி உள்ளே உருண்டாலும் அது இன்னும் கிக்தான். தளத்தைத் தாண்டியதும் விசில்.

கல்லூரியில் இந்த விசில் பெரிய தவறாகிவிடும். அங்கே எண்ட் ஸோனுக்குள் பிடித்த கிக்கை வெளியே ஓட்டி வரலாம். யாரும் தொடாத கிக் எண்ட் ஸோன் தரையைத் தொட்டால்தான் அது டெட். வாங்கும் அணி தொட்டுக் கைநழுவி உள்ளே உருண்டால் பந்து லைவ், உதைத்த அணிக்காரன் அதன்மேல் விழுந்தால் டச்டவுன். ஒரே உருளல்தான், வெள்ளிக்கிழமை டச்பேக், சனிக்கிழமை ஆறு புள்ளி. கிக்ஆஃப் டச்பேக்கிற்குப் பந்து வைக்கும் இடமும் மாறும்: கல்லூரியில் 2012 முதல் 25-யார்டு கோடு. 2018 முதல், 25-க்கு உள்ளே ஃபேர் கேட்ச் (ஓடமாட்டேன், மோதாதீர்கள் என்று கைகாட்டிப் பிடிப்பது) கேட்டுப் பிடித்தாலும் அதே 25. உதைக்கும் இடம் பள்ளியில் 40, கல்லூரியில் 35. கிக்ஆஃப் எல்லைக்கு வெளியே போனால் பள்ளியில் உதைத்த இடத்திலிருந்து 25 யார்டு, கல்லூரியில் 30 யார்டு. கூட்டிப் பார்த்தால் இரண்டிலும் பந்து வாங்கும் அணியின் 35-ல் வந்து நிற்கும். விடை ஒன்று, வழி வேறு. ஆனால் முன்பே ஏதோ தண்டனையால் உதைக்கும் இடம் நகர்ந்திருந்தால் விடையும் மாறும், ஆகவே 35 என்று மனப்பாடம் செய்யாமல் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்.

தவறிய ஃபீல்டு கோலை (கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் முயற்சி) பள்ளிப் புத்தகம் ஏறக்குறைய ஒரு பண்ட்டைப் போலவே நடத்துகிறது. 30-யார்டு கோட்டில் ஸ்னாப் ஆகி, கிக் எண்ட் ஸோனுக்குள் போய்த் தவறினால் டச்பேக், 20. குறைந்து விழுந்து 8-ல் நின்று, உதைத்த அணி அதை அங்கே அமுக்கிவிட்டால் எதிரணி 8-லிருந்து தொடங்க வேண்டும். கல்லூரியில் இரண்டுக்கும் ஒரே விடை: லைனைத் தாண்டியபின் எதிரணி தொடாதவரை, ஸ்னாப் ஆன 30-க்கே பந்து திரும்பும், ஸ்னாப் 20-க்கு உள்ளே நடந்திருந்தால் 20. தொலைக்காட்சியில் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். பார்க்கிறவர் உதைத்த இடத்தில் பந்து வைக்கச் சொல்லிக் கத்துவார். அது மூன்றாவது புத்தகம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

டச்டவுனுக்குப் பிறகு வரும் கூடுதல் புள்ளி முயற்சியில் பள்ளியில் தடுக்கும் அணி புள்ளி எடுக்கவே முடியாது. பந்து அவர்கள் கைக்குப் போனதும் விசில். உதைத்தது நுழையாது என்று தெரிந்ததும் விசில். கல்லூரியில் 1988 முதல், தடுக்கும் அணி அதை எடுத்து மறுமுனை வரை ஓடினால் அவர்களுக்கு இரண்டு புள்ளி. அங்கே தடுக்கப்பட்ட கிக் தரையில் துள்ளும்போது பக்கவாட்டு நடுவர் இளைப்பாறக் கூடாது, ஓடத் தயாராக இருக்க வேண்டும். கூடுதல் நேரத்திலும் இதே தர்க்கம்தான். பள்ளிப் புத்தகத்தின் முறையில் ஆளுக்கு நான்கு டவுன், 10-யார்டு கோட்டிலிருந்து. பந்து கைமாறினால் டெட். கல்லூரியில் 25-லிருந்து; இடைமறித்தவன் மறுகோடி ஓடினால் ஆட்டமே முடிந்தது. 2021 முதல் அங்கே இரண்டாம் கூடுதல் நேரத்தில் டச்டவுனுக்குப் பின் இரண்டு புள்ளி முயற்சி கட்டாயம், மூன்றாம் சுற்று முதல் மாற்றி மாற்றி இரண்டு புள்ளி முயற்சி மட்டும்.

இதுவரை எல்லாவற்றிலும் பள்ளிதான் சீக்கிரம் ஊதுகிறது என்று தோன்றும். ஒரு இடத்தில் தலைகீழ். நான்காம் டவுனில் தாக்கும் அணிக்காரன் பந்தை நழுவவிட்டு அவனுடைய தோழன் ஒருவன் எடுத்தால் கல்லூரியில் பந்து டெட். நழுவவிட்டவன்தான் எடுத்து ஓடலாம். தோழன் எடுத்தது நழுவிய இடத்துக்கு முன்னால் என்றால் பந்து நழுவிய இடத்துக்கே திரும்பும், பின்னால் என்றால் எடுத்த இடத்திலேயே. பள்ளியில் அப்படி ஒரு விதியே இல்லை, எவன் எடுத்தாலும் ஓடலாம். ஆகவே கல்லூரியில் நான்காம் டவுன் என்றால் ஸ்னாப்புக்கு முன் மனதில் ஒரு மணி அடிக்கட்டும். நழுவிய இடத்தில் பீன் பேக் என்ற சிறு பையை எறிந்து அடையாளம் வைக்கும் பழக்கத்தையும் கறாராக்குங்கள். நழுவிய பந்து முன்னோக்கி உருண்டு எல்லைக்கு வெளியே போனால் கல்லூரியில் நழுவிய இடத்துக்கே திரும்பும். பள்ளியில் நெடுங்காலம் வெளியே போன இடம்தான் கணக்கு. 2025-ல்தான் அவர்களும் நழுவிய இடம் என்று மாற்றினார்கள். அதற்குமுன் பள்ளியில் பழகியவர்களின் கை இன்னும் அந்த இடத்தைப் பிடித்து வைக்கப் பழகியிருக்காது.

கொடிக்கு வருவோம். பாஸ் இடையூறு பற்றித்தான் பெற்றோரும் பயிற்சியாளரும் அதிகம் சண்டை போடுவார்கள். மூன்றாம் டவுன், 20 யார்டு வேண்டும். தடுப்பவன் 38 யார்டு தள்ளி, பந்து வருமுன்பே பிடிப்பவன் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். பள்ளியில் ஸ்னாப் இடத்திலிருந்து 15 யார்டு, டவுன் திரும்ப: மூன்றாம் டவுன், 5 யார்டு. முதல் டவுன், அதாவது புதிதாக நான்கு முயற்சி, தானாகக் கிடைக்காது. முன்பு கிடைத்துக்கொண்டிருந்தது, 2013-ல் எடுத்துவிட்டார்கள். கல்லூரியில் அதே 15 யார்டு, கூடவே முதல் டவுன். இதே ஃபவுல் 8 யார்டு தள்ளி நடந்திருந்தால் கல்லூரியில் ஃபவுல் நடந்த இடத்தில் பந்து, அதாவது 8 யார்டுதான், ஆனாலும் முதல் டவுன். பள்ளியில் அப்போதும் 15 யார்டு, மூன்றாம் டவுன். இதில் ஒரு சின்ன உடல் பழக்கம் ஒளிந்திருக்கிறது. பள்ளியில் இந்த ஃபவுலுக்குக் கொடி எங்கே விழுந்தது என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, ஆகவே மேலே தூக்கி எறிந்து பழகிவிடுவோம். கல்லூரியில் 15 யார்டுக்குள் நடந்தால் கொடி கிடக்கும் கோடுதான் பந்து வைக்கும் கோடு. இடத்தைப் பார்த்துப் போடப் பழகுங்கள்.

எது இடையூறு என்பதிலும் நூலிழை வித்தியாசம். தொடாமல் முகத்தின் முன் கையாட்டி மறைப்பது பள்ளியில் 2017-க்கு முன்பு ஃபவுல், இப்போது இரண்டிலும் இல்லை. பிடிக்கவே முடியாத பந்துக்கு இடையூறு கிடையாது என்று கல்லூரிப் புத்தகம் எழுத்தாகவே சொல்கிறது. பள்ளிப் புத்தகத்தில் அந்த விலக்கு இல்லை. நடைமுறையில் பந்து பார்வையாளர் வரிசையில் போய் விழுந்தால் எந்தப் பள்ளி நடுவரும் கொடி எறியமாட்டார். ஆனால் பயிற்சியாளரிடம் விளக்கும்போது "பிடிக்க முடியாத பந்து" என்று வெள்ளிக்கிழமை சொல்லாதீர்கள். விதி தெரிந்த பயிற்சியாளர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்வார். "தொடர்பு பாஸைப் பாதிக்கவில்லை என்று பார்த்தேன்" என்றால் போதும்.

தானாக முதல் டவுன் கொடுக்கும் ஃபவுல்கள் பள்ளியில் நான்கே: பாஸ் வீசியவனை, உதைத்தவனை, உதைக்கப் பந்தைப் பிடித்திருப்பவனை, நீண்ட ஸ்னாப் கொடுத்தவனை முரட்டுத்தனமாக மோதுவது. அவ்வளவுதான். தடுக்கும் அணியின் மற்ற 15 யார்டு ஃபவுல்களெல்லாம் யார்டு கணக்கு மட்டும். அந்த 15 யார்டு முதல் டவுன் கோட்டைத் தாண்டினால் முதல் டவுன், இல்லையென்றால் இல்லை. கல்லூரியில் தடுக்கும் அணியின் தனிநபர் ஃபவுல் என்றாலே முதல் டவுன். முகக்கம்பியைப் பிடிப்பதில் பள்ளியில் இரண்டு படி: தெரியாமல் பிடித்துவிட்டால் 5 யார்டு, முறுக்கினால் அல்லது இழுத்தால் 15. கல்லூரியில் 5 யார்டு படியை 2008-ல் எடுத்துவிட்டார்கள். முறுக்கவில்லை, இழுக்கவில்லை என்றால் ஃபவுலே இல்லை. சந்தேகத்துக்கு ஐந்து கொடுத்துச் சமாதானம் செய்யும் பள்ளிப் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை.

ஓடுபவன் நின்றுகொண்டிருக்கும் எதிராளியின் தலைக்குமேல் தாவிப் போவது கல்லூரியில் செய்திகளில் காட்டும் சாகசம், பள்ளியில் 15 யார்டு. எதிராளி படுத்திருந்தாலோ முட்டி போட்டிருந்தாலோ பள்ளியிலும் தாவலாம். பாதம் மட்டும் தரையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தலையைக் குறிவைத்து மோதுவது இரண்டிலும் 15 யார்டு. கல்லூரியில் 2013 முதல் வெளியேற்றமும் சேர்ந்தது, அதை வீடியோவில் சரிபார்க்கவும் முடியும். பள்ளியில் 2014-ல் விதியில் வந்தது. வெளியேற்றம் தானாக வராது, மோதல் அப்பட்டமான முரட்டுத்தனமாக இருந்தால்தான்.

டச்டவுனுக்கு ஓடும் வழியில் எதிராளியைப் பார்த்துக் கைநீட்டிக் கிண்டல் செய்வது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். பள்ளியில் டச்டவுன் நிற்கும். 15 யார்டு அடுத்த முயற்சியிலோ கிக்ஆஃபிலோ வரும். கல்லூரியில் 2011 முதல் ஃபவுல் நடந்த இடத்திலிருந்து தண்டனை, கோட்டுக்கு முன்னால் நடந்திருந்தால் டச்டவுன் போய்விடும். எட்டு யார்டு கோட்டிலா, கோட்டைத் தாண்டியபிறகா என்பதில் ஒரு அணியின் ஆறு புள்ளி இருக்கிறது. ஐயம் இருந்தால் தாண்டியபிறகு என்றே கொள்ளுங்கள். இது புத்தகத்தில் இல்லை, என் கருத்து. ஆனால் ஆறு புள்ளியை எடுப்பவர் நிச்சயமாகப் பார்த்திருக்க வேண்டும்.

இடுப்புக்குக் கீழே மோதும் பிளாக் அம்பயருக்கும் ரெஃப்ரீக்கும் உரிய வேலைதான், ஆனால் லைன் நடுவரும் பார்க்க வேண்டியிருக்கும். பள்ளியில் பந்திலிருந்து இரண்டு பக்கமும் 4 யார்டு, லைனுக்கு முன்னும் பின்னும் 3 யார்டு என்று ஒரு செவ்வகம். ஸ்னாப்பின்போது அதற்குள் லைனில் நின்றவர்கள், அதற்குள்ளேயே, பந்தும் அதற்குள் இருக்கும்போது மட்டும் கீழே மோதலாம். குவார்ட்டர்பேக் 5 யார்டு பின்னால் நிற்கும் ஷாட்கன் அமைப்பில் ஸ்னாப் ஆன மறுகணமே பந்து செவ்வகத்தை விட்டுப் போய்விடும். ஆகவே ஸ்னாப்போடு சேர்ந்த முதல் அசைவாக இருந்தால் சரி, ஒரு மூச்சு தாமதித்துக் கீழே பாய்ந்தால் ஃபவுல். 2021-ல் "உடனடியாக" என்ற நிபந்தனையைப் புத்தகத்திலேயே சேர்த்தார்கள். கல்லூரியில் அளவு வேறு: ஸ்னாப்பரின் இரு பக்கமும் 5 யார்டு, பின்பக்கம் களத்தின் கடைசிக் கோடான எண்ட் லைன் வரை நீளும் பெட்டி. ஷாட்கன்னிலும் பந்து அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, ஆகவே உள்ளே நின்ற லைன்மேன் கொஞ்சம் தாமதமாக மோதினாலும் சட்டப்படி இருக்கலாம். ஒரே காட்சிக்கு இரண்டு தீர்ப்பு, இரண்டும் சரி.

அதே இடத்தில் இன்னொரு சின்ன எண்: லைனைத் தாண்டிப் போகும் பாஸை வீசும்போது, பிடிக்கத் தகுதியில்லாத லைன்மேன் பள்ளியில் 2 யார்டு வரை முன்னால் போயிருக்கலாம், கல்லூரியில் 3. பந்தைப் பிடிக்க ஆளில்லாத இடத்தில் வேண்டுமென்றே வீசிவிடுவது பள்ளியில் முன்பு எப்போதும் ஃபவுல். 2022 முதல் அந்தச் செவ்வகத்துக்குப் பக்கவாட்டில் வெளியே வந்து, லைன் வரையாவது பந்து போகுமாறு வீசினால் சரி என்றாயிற்று. தண்டனை இன்னும் வேறுபடுகிறது: பள்ளியில் அந்த இடத்திலிருந்து 5 யார்டும் டவுன் இழப்பும், கல்லூரியில் அந்த இடமும் டவுன் இழப்பும் மட்டும். தாக்கும் அணி லைனுக்குப் பின்னால் பிடித்து இழுத்தால் பள்ளியில் ஃபவுல் நடந்த இடத்திலிருந்து 10 யார்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2023-ல் அதுவும் கல்லூரியைப் போல ஸ்னாப் இடத்துக்கு வந்துவிட்டது. பழைய கைப்பிரதிகளை வைத்துப் படிப்பவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். உங்கள் கையிலிருப்பது எந்த ஆண்டுப் புத்தகம் என்று அட்டையைப் பாருங்கள்.

கடிகாரம் லைன் நடுவரின் கையில்தான் நிற்கிறது. ஓடுபவன் எல்லைக்கு வெளியே போனால் பள்ளியில் கடிகாரம் அடுத்த ஸ்னாப்பில்தான் தொடங்கும். கல்லூரியில் ரெஃப்ரீ பந்து தயார் என்று சைகை காட்டியதும் ஓடும். அரை ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் ஸ்னாப் வரை நிற்கும். களத்துக்குள் முதல் டவுன் கிடைத்தால் பள்ளியில் 10 யார்டை அளக்கும் சங்கிலி நகரும்வரை கடிகாரம் நிற்கும். கல்லூரியில் 2023-ல் வந்த மாற்றத்துக்குப் பின் அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும்தான் நிற்கும். முதல் டவுன் என்றதும் கை தானாக மேலே போகும் உங்கள் பழக்கம் கல்லூரியில் ஆட்ட நேரத்தைக் களவாடும். கடிகாரக்காரர் உங்கள் கையைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்துகிறார்.

நிற்கும் இடமும் மாறும். பள்ளியில் ஐந்து பேர் குழுவில் நீங்கள் ஸ்னாப்பையும் பார்த்து, உங்கள் பக்கம் ஆழமாக ஓடுபவனையும் பார்த்து, கோல் லைனுக்கும் ஓடிச் சேர்ந்தீர்கள். கல்லூரியில் பெரும்பாலும் ஏழு பேர், மேல்மட்டத்தில் எட்டு. உங்கள் பக்கம் ஆழத்தில் இன்னொரு நடுவர் நிற்கிறார். பாஸ் போனதும் அவரைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். உங்களுக்கு ஒதுக்கிய ஆளைப் பாருங்கள், பந்தைப் பார்க்க வேறு கண்கள் இருக்கின்றன. ஐந்திலிருந்து ஏழுக்குப் போகிறவர்களிடம் மூத்தவர்கள் குறை சொல்வது அதிகமும் இதைத்தான்.

களத்தின் குறுக்குக் கோடுகளும், அதாவது பந்து வைக்கும் எல்லையைக் காட்டும் ஹாஷ் வரிசைகளும், ஏமாற்றும். பள்ளியில் களத்தை மூன்று சம பாகமாகப் பிரிக்கும்; பக்கக் கோட்டிலிருந்து 53 அடி 4 அங்குலம். கல்லூரியில் 60 அடி. இரண்டு வரிசைக்கும் நடுவே 40 அடி. பள்ளி ஆட்டத்தைக் கல்லூரிக் களத்தில் ஆடும்போது இரண்டு வரிசைகளும் வரைந்திருக்கலாம். வெளியே இருப்பது பள்ளிக்கு, உள்ளே இருப்பது கல்லூரிக்கு. அவசரத்தில் தப்பான வரிசையில் பந்தை வைத்தால் 6 அடி 8 அங்குலம் தள்ளிப் போகும். பக்கவாட்டில் ஓட நினைக்கும் அணிக்கு அது சின்னத் தூரம் இல்லை.

இனி மூன்றாவது புத்தகம். வெள்ளிக்கிழமை கத்துகிறவர்களில் பலர் கல்லூரி விதியைச் சொல்லிக் கத்தவில்லை, ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் பார்த்த என்.எஃப்.எல். விதியைச் சொல்லிக் கத்துகிறார்கள். பிடித்தவனின் இரண்டு பாதமும் உள்ளே வேண்டும் என்பது அங்கே. பள்ளியிலும் கல்லூரியிலும் ஒன்று போதும். யாரும் தொடாமல் தானாக வழுக்கி முட்டி தரையில் பட்டவன் எழுந்து ஓடலாம் என்பதும் அங்கேதான். உங்கள் இரண்டு ஆட்டத்திலும் முட்டி பட்டதும் டெட். உங்களுக்குள்ளேயும் அந்தப் புத்தகம் ஒன்று ஒட்டியிருக்கும், தெரியாமல். நடுவர் ஆவதற்கு முன் இருபது ஆண்டு ரசிகராக இருந்தவர்கள்தானே எல்லோரும்.

தயாரிப்பைப் பற்றிக் கேட்டிருந்தால் இப்படிச் சொல்வேன். உங்கள் இடத்துக்கு வேண்டியதை மட்டும் ஒரு அட்டையில் எழுதுங்கள், இரண்டு பத்தியாக அல்ல. பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஆட்டத்தின் நடுவே இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வரும். வெள்ளிக்கு ஒரு அட்டை, சனிக்கு வேறு நிறத்தில் ஒன்று. வெள்ளி ஆட்டம் முடியும்வரை சனி அட்டையைத் தொடாதீர்கள். மறுநாள் காலை மைதானத்துக்குப் போகும் வழியில் விசில் சம்பந்தப்பட்டதை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: லைன் தாண்டல், கோல் லைன் கிக், கூடுதல் புள்ளி, நான்காம் டவுன் நழுவல். ஆட்டத்துக்கு முந்தைய கூட்டத்தில், நேற்று பள்ளி ஆட்டத்தில் நின்றவர் நீங்கள் என்பதை ரெஃப்ரீயிடம் சொல்லிவிடுங்கள். முதல் கிக்ஆஃபுக்கு முன் அவரே ஒருமுறை உங்களைப் பார்த்து எண்ட் ஸோனைச் சுட்டிக்காட்டுவார். களத்தில் இருக்கும்போது பந்தின் தோல் கண்ணுக்குத் தெரியாமல் ஊதாதீர்கள். அமுக்கப்பட்ட குவியலின் அடியில் பந்து இருக்கிறதா, வெளியே உருண்டதா என்று பார்த்த பிறகே விசில். தாமதமாக ஊதியதற்கு இரண்டு புத்தகத்திலும் தண்டனை கிடையாது.